அமெரிக்கப் பண்ணையில் நெம்புகோல் துப்பாக்கி: எந்தத் தோட்டா ஏற்றது?

நிலக்கடலையும் மக்காச்சோளமும் பயிரிடும் விவசாயிக்குக் காட்டுப்பன்றி பெரும் எதிரி. இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய துன்பம் அல்ல. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற தென் மாநிலங்களில் விதைத்த நிலத்தில் இரவில் இறங்கும் பன்றிக் கூட்டம், வரிசை பிடித்தாற்போல் விதையைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகிறது. காலையில் வந்து பார்க்கும் விவசாயி மறுபடியும் விதை வாங்கி, மறுபடியும் உழுது விதைக்க வேண்டியதாகிறது.

அந்நாட்டில் பண்ணையாளர் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பல பண்ணை வீடுகளில் இருப்பது ஒரே ஒரு துப்பாக்கிதான். பன்றி, மான், ஆட்டுக்கிடையைத் தாக்கும் கொயோட்டி எனப்படும் நரியினம் ஆகிய எல்லாவற்றுக்கும் அதுவே பயன்பட வேண்டும். அத்தகைய பொதுப் பயன்பாட்டுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயர் பெற்றது நெம்புகோல் துப்பாக்கி. ஆனால், அதற்கு எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலரும் பணத்தை விரயம் செய்கின்றனர். ஒரு தோட்டாவுக்கென்று குடையப்பட்ட குழலில் பொதுவாக வேறு தோட்டாவைப் போட முடியாது. ஆகவே முதலில் தோட்டாவை முடிவு செய்து, அதன் பிறகே துப்பாக்கியை வாங்க வேண்டும்.

நெம்புகோல் துப்பாக்கி என்பது என்ன?

இத்துப்பாக்கியில் விசைக்குக் கீழே வளையம் போன்ற ஓர் இரும்புக் கைப்பிடி இருக்கும். இதுவே நெம்புகோல். இதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே விழும். மேலே இழுத்தால் புதிய தோட்டா குழலுக்குள் ஏறிக்கொள்ளும். இந்தத் துப்பாக்கிகளில் முதன்முதலாக நன்கு வெற்றி பெற்றது 1860-இல் காப்புரிமை பெற்ற ஹென்றி துப்பாக்கி. வின்செஸ்டர் கம்பெனி 1873-இல் வெளியிட்ட மாடல் 44-40 என்ற தோட்டாவைப் பயன்படுத்தியது. அதே தோட்டாவை ஏற்கும் கைத்துப்பாக்கியும் 1870-களின் பிற்பகுதியில் வந்துவிட்டதால், ஒரே பெட்டித் தோட்டாவை இரண்டுக்கும் பயன்படுத்த முடிந்தது. கடைத்தெரு நெடுந்தொலைவில் இருந்த அந்நாளைய பண்ணையாளருக்கு இது பெரிய வசதி.

ஜான் பிரௌனிங் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய வின்செஸ்டர் 1894 மாடல் 70 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. 1948-இல் வந்த மார்லின் 336 மாடலும் பண்ணைகளில் மிகுதியாகக் காணப்படுகிறது.

தோட்டாவின் பாகங்கள்

தோட்டா என்பது நான்கு பாகங்கள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அதன் அடியில் உள்ள கேப்பு, உள்ளே இருக்கும் மருந்து, முனையில் செருகப்பட்ட குண்டு ஆகியவையே அவை. விசையை இழுத்ததும் ஊசி கேப்பைத் தட்டுகிறது. மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது.

பெரும்பாலான நெம்புகோல் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அதாவது, ஒரு தோட்டாவின் குண்டு முனை, அதற்கு முன்னே உள்ள தோட்டாவின் கேப்பின் மேல் படிந்து நிற்கும். குண்டின் முனை ஊசிபோல் கூராக இருந்தால், சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியில் அது முன்தோட்டாவின் கேப்பைக் குத்தி வெடிக்கச் செய்யக்கூடும். எனவே இவ்வகைத் துப்பாக்கிக்குத் தட்டை முனைக் குண்டு உள்ள தோட்டாவையே வாங்க வேண்டும். கூர்முனை வேண்டுமென்றால், ரப்பர் போன்ற மென்மையான முனை வைத்து இதற்கென்றே தயாரிக்கப்படும் தோட்டாக்கள் 2000-களின் நடுப்பகுதியிலிருந்து விற்பனைக்கு உள்ளன.

ஐந்து வகைத் தோட்டாக்கள்

1) 22 லாங் ரைபிள்: 1887-இல் வந்தது. குண்டின் எடை 2.6 கிராம்தான். விலை மிகக் குறைவு. பின்னுதைப்பு இல்லை என்றே சொல்லலாம். சோயா மொச்சை வயலில் வளை தோண்டும் கிரவுண்ட்ஹாக் என்ற கொறிவிலங்கு, முயல் போன்ற சிறு பிராணிகளை 50 மீட்டருக்குள் சுட இது போதும். மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் இது ஏற்றதல்ல. காயத்தோடு ஓடி, எங்கோ நாள் கணக்கில் கிடந்து சாகும்.

2) 357 மேக்னம்: 1935-இல் கைத்துப்பாக்கிக்காக வந்தது. 10.2 கிராம் குண்டு, நீண்ட குழலில் விநாடிக்கு சுமார் 550 மீட்டர் வேகம் பெறுகிறது. இதே துப்பாக்கியில் விலை குறைந்த, சத்தமும் உதைப்பும் குறைந்த 38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம். பழகுவதற்கு அது, வேலைக்கு இது என வைத்துக்கொள்ளலாம். 38-க்கென்று உள்ள துப்பாக்கியில் 357-ஐப் போடுவது மட்டும் கூடவே கூடாது. குட்டைக் கூடு உள்ள 38 தோட்டாவை நிறையச் சுட்டால் குழலின் அறையில் கரி வளையம் படியும். அதைத் துடைத்துவிட வேண்டும். மானையும் நடுத்தரப் பன்றியையும் 75 மீட்டருக்குள் சுட இது ஏற்றது.

3) 44 மேக்னம்: 1955-இல் வந்தது. குண்டு 15.6 கிராம், வேகம் விநாடிக்கு சுமார் 535 மீட்டர். புதர்க்காட்டில், 100 மீட்டருக்குள் மானுக்கும் பெரிய பன்றிக்கும் நன்கு பயன்படும். ஆனால் தொலைவு கூடினால் வலு விரைவாகக் குறையும். 90 மீட்டர் போவதற்குள் அதன் ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவீதம் போய்விடுகிறது.

4) 30-30: 1895-இல் வின்செஸ்டர் 1894 மாடலுக்காக வந்தது. புகையில்லா மருந்தைப் பயன்படுத்திய முதல் அமெரிக்க வேட்டைத் தோட்டாக்களுள் ஒன்று. முதல் 30 என்பது குழலின் விட்டம், அதாவது அங்குலத்தில் நூறில் முப்பது பங்கு. இரண்டாவது 30 அக்கால மருந்தின் எடை. 11 கிராம் குண்டு விநாடிக்கு சுமார் 670 மீட்டர் வேகத்தில் செல்லும். 90 மீட்டரில் இழக்கும் ஆற்றல் நான்கில் ஒரு பங்கு மட்டுமே. உதைப்பும் மிதமானது. மான், பன்றி இரண்டுக்கும் 150 மீட்டர் வரை நம்பிப் பயன்படுத்தலாம்.

5) 45-70: 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. குண்டு 26 கிராம். அலாஸ்காவில் கரடி நடமாடும் ஆற்றோரங்களில் வேலை செய்வோர் இதை விரும்புகின்றனர். ஆனால் குண்டு மெதுவாகச் செல்வதால் வளைந்து இறங்கும். 90 மீட்டருக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில் 180 மீட்டருக்குச் சுட்டால் குண்டு அரை மீட்டருக்கும் மேல் கீழே விழும். நவீன வலுவான தோட்டாவில் தோளில் விழும் உதைப்பு 30-30-ஐப் போல் இரு மடங்குக்கும் அதிகம். 1870-களின் பழைய ராணுவத் துப்பாக்கிக்கு மிதமான தோட்டா, இன்றைய நெம்புகோல் துப்பாக்கிக்கு வலுவான தோட்டா எனக் கடையில் தனித்தனியே கிடைக்கும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் வலுவான தோட்டாவைப் பழைய துப்பாக்கியில் போட்டால் துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம்.

தேர்வுக்கு நான்கு கேள்விகள்

கிணற்றின் ஊற்றையும் ஆழத்தையும் பார்க்காமல், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வைத்திருக்கிறார் என்று பத்துக் குதிரைத்திறன் மோட்டாரை இறக்கினால் என்ன ஆகும்? அரை மணியில் தண்ணீர் வற்றும். செலவழித்த பணம் வீண். தோட்டா விஷயமும் அப்படித்தான். கீழ்க்கண்ட நான்கு கேள்விகளுக்கு விடை கண்டபின் பார்த்தால், ஐந்தில் மூன்று தாமாகவே விலகிவிடும்.

முதலாவது, பண்ணையில் அடிக்கடி வரும் மிகப் பெரிய விலங்கு எது? ஆண்டுக்கு ஒருமுறை வரலாம் என்று அஞ்சும் விலங்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மாதந்தோறும் வருவதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, எவ்வளவு தொலைவில் சுட நேரும்? பலரும் இதைக் கண்மதிப்பில் கூட்டியே சொல்வார்கள். வரப்பில் நடந்து காலடியால் அளந்து பார்த்தால், வேலியிலிருந்து தோப்பு வரை 80 மீட்டர்தான் இருக்கும்.

மூன்றாவது, அந்தத் தோட்டா பக்கத்து ஊர்க் கடையில் எப்போதும் கிடைக்குமா? 1906-இல் வந்த 35 ரெமிங்டன் என்ற தோட்டா மானுக்கு மிக நல்லது. ஆனால் இப்போது அதைத் தேடித்தான் வாங்க வேண்டும். உதிரிபாகம் கிடைக்காத டிராக்டரை வைத்திருப்பதற்கு இது சமம். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனாவை ஒட்டி அமெரிக்கா முழுவதும் தோட்டாத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, புழக்கத்தில் உள்ள தோட்டாக்களுக்கே கடை கடையாக அலைய வேண்டியிருந்தது.

நான்காவது, வீட்டில் யார் யார் சுடுவார்கள்? உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடும் 45-70-ஐ விட, அமைதியாகக் குறி பார்த்துச் சுடும் 357 மேலானது. முன்னங்கால் சப்பைக்குப் பின்னால், நுரையீரலில் படும் சிறிய குண்டு கொல்லும். வயிற்றில் படும் பெரிய குண்டு காயம் மட்டும் செய்யும்.

மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விதி

இவற்றுடன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஒஹையோ மாநிலத்தில் சமவெளி மிகுதி, வீடுகள் நெருக்கம். மான் வேட்டைப் பருவத்தில் நெடுந்தூரம் பாயும் ரைபிள்களுக்கு அங்கு நீண்ட காலம் அனுமதி இல்லை. 2014-இல் நேரான கூடு உள்ள தோட்டாக்களுக்கு மட்டும் அனுமதி வழங்கப்பட்டது. 357, 44, 45-70 ஆகியவற்றின் கூடு நேரானது. 30-30-இன் கூடோ சோடா பாட்டிலைப் போல் கழுத்து ஒடுங்கியது. ஆகவே அது சேராது. மற்ற இடங்களில் முதல் தேர்வாக நிற்கும் தோட்டா, இங்கே சட்டத்தால் விலகிவிடுகிறது. கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. 2013-இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 ஜூலை முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. செத்த விலங்கில் தங்கும் ஈயத்துகளைத் தின்று காண்டார் என்ற பெருங்கழுகு அழிவதே இதற்குக் காரணம். அங்குள்ளவர்கள் செம்புக் குண்டு கிடைக்கும் தோட்டாவாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்று பண்ணைகள், மூன்று விடைகள்

டெக்சாஸில் மக்காச்சோளமும் மேய்ச்சல் நிலமும் உள்ள பண்ணைக்கு 30-30 பொருந்தும். பன்றி, மான் இரண்டையும் அது கவனித்துக்கொள்ளும். பன்றி வருவது பெரும்பாலும் இரவில். எனவே தொலைநோக்கி பொருத்த இயலும் துப்பாக்கியாக வாங்க வேண்டும். 1980-களின் தொடக்கம் வரை தயாரான வின்செஸ்டர் 94 வெற்றுக் கூட்டை நேர் மேலே எறிவதால், அதன்மேல் தொலைநோக்கியை வைப்பது சிரமம். மார்லின் பக்கவாட்டில் எறிவதால் தடையில்லை.

ஒஹையோவில் சோயா மொச்சை பயிரிட்டு, மரங்கள் சூழ்ந்த சிறு நிலம் வைத்திருப்பவருக்கு 357 அல்லது 44 மேக்னம் ஏற்றது. தொலைவு குறைவு, விதிக்கும் உட்பட்டது.

மேற்குப் பகுதியின் திறந்த புல்வெளியில் ஆட்டுக்கிடை வைத்திருப்பவருக்கு எதிரி கொயோட்டி. 10 முதல் 20 கிலோ எடையுள்ள இது 200 மீட்டருக்கு அப்பாலேயே நின்றுகொள்ளும். இங்கே நெம்புகோல் துப்பாக்கியே சரியான கருவி அல்ல. நேர்கோட்டில் வேகமாகப் பாயும் சிறு குண்டு ரைபிள் வேண்டும். அதைவிட, கிடையோடு வளரும் காவல் நாய்கள் இரவும் பகலும் வேலை செய்யும்.

குண்டு எங்கே போய் நிற்கும்?

எந்தத் தோட்டாவானாலும், குறி தப்பிய குண்டு எங்கோ ஓரிடத்தில் விழுந்தே தீரும். சிறியதான 22 குண்டுகூட ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். 30-30 குண்டு இரண்டு கிலோமீட்டரையும் தாண்டும். விலங்குக்குப் பின்னால் மண்மேடோ ஏரிக்கரையோ இருந்தால் மட்டுமே சுட வேண்டும். மேட்டின் உச்சியில், வானம் பின்னணியாக நிற்கும் விலங்கைச் சுடவே கூடாது. பின்னால் இருப்பது பக்கத்துப் பண்ணை வீடாகவும் இருக்கலாம். வேலி தாண்டும்போது தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும். காதுக்கு அடைப்பான் அணிய வேண்டும். துப்பாக்கி ஓரிடத்திலும் தோட்டா வேறிடத்திலும் பூட்டில் இருக்க வேண்டும்.

சுட்ட பன்றியை அறுக்கும்போது கையுறை அவசியம். காட்டுப்பன்றியின் இரத்தத்தின் வழியாகப் புரூசெல்லா நோய் மனிதருக்குத் தொற்றக்கூடும்.

தோட்டாவால் தீராத சிக்கல்

எவ்வளவு நல்ல தோட்டாவைத் தேர்ந்தெடுத்தாலும் பன்றித் தொல்லை அதனால் மட்டும் தீர்வதில்லை என்பதே அமெரிக்க விவசாயிகள் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம். 1539-இல் ஸ்பானியப் படையெடுப்பாளர் டி சோட்டோ புளோரிடாவுக்குக் கொண்டுவந்த பன்றிகளின் வழியும், பிற்காலத்தில் விடப்பட்டவற்றின் வழியும் பெருகி, இன்று அந்நாட்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகள் இருப்பதாக அரசு வேளாண் துறை மதிப்பிடுகிறது. எண்ணிக்கை கூடாமல் இருக்க வேண்டுமானால், ஆண்டுதோறும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும் என்று டெக்சாஸ் வேளாண் விஞ்ஞானிகள் கணக்கிட்டுள்ளனர். துப்பாக்கியால் இது இயலாத காரியம்.

கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி ஓடிப் பக்கத்து நிலங்களில் குடியேறுகின்றன. தப்பியவை மனித நடமாட்டத்தைக் கண்டால் நெருங்குவதில்லை. இதனாலேயே மிசௌரி மாநிலத்தின் வனவளத் துறை, தன் பொறுப்பில் உள்ள நிலங்களில் காட்டுப்பன்றி வேட்டையை 2016-இல் தடை செய்தது. அதற்குப் பதிலாக, சில நாள் மக்காச்சோளம் தூவிப் பழக்கி, முழுக் கூட்டமும் உள்ளே வந்தபின் கதவை இறக்கும் பெரிய பட்டிப்பொறி பரிந்துரைக்கப்படுகிறது. பொறியில் சிக்காத ஒன்றிரண்டுக்கே துப்பாக்கி. டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதல் நில உரிமையாளரின் சம்மதத்தோடு வேட்டை உரிமம் இல்லாமலேயே தனியார் நிலத்தில் காட்டுப்பன்றியைச் சுடலாம் எனச் சட்டம் தளர்த்தப்பட்டது. இருந்தும் பன்றி ஒழிந்தபாடில்லை.

நம் விவசாயிகள் அறிய வேண்டியது

அமெரிக்காவில் காட்டுப்பன்றி வெளியிலிருந்து வந்து பெருகிய விலங்கு. இந்தியாவில் அது நம் மண்ணுக்கே உரியது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதற்குப் பாதுகாப்பு உண்டு. பயிரை அழித்தாலும் வனத்துறையின் எழுத்துமூலமான உத்தரவு இல்லாமல் அதைக் கொல்வது குற்றம். துப்பாக்கிக்கும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. வெளிநாட்டில் நடப்பதைப் படித்துவிட்டு நாட்டுத் துப்பாக்கியைத் தேடுவதோ, அவுட்டுக்காய் வைப்பதோ, மின்கம்பத்திலிருந்து வேலிக்கு நேரடியாக மின்சாரம் இழுப்பதோ கூடவே கூடாது. அவுட்டுக்காயைக் கடித்து யானையும் மாடும் வாய் கிழிந்து செத்திருக்கின்றன. மின்வேலியில் சிக்கி, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன விவசாயிகளே உயிரிழந்திருக்கின்றனர். சேதம் ஏற்பட்டால் உடனே கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து இழப்பீடு கோருவதே முறை.

இருப்பினும், அமெரிக்கப் பண்ணையாளரின் தேர்வு முறையில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. தெளிப்பான் ஆனாலும், பம்புசெட் ஆனாலும், வேலி ஆனாலும், கடையில் உள்ளவற்றுள் பெரியதைக் கேட்காமல், நம் நிலத்தின் வேலையை முதலில் அளந்து பார்க்க வேண்டும். என்ன தொல்லை, எவ்வளவு தூரம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், பொருள் தொடர்ந்து கிடைக்குமா, வீட்டில் உள்ளவர்களால் கையாள முடியுமா என்று கேட்டு வாங்கும் விவசாயிக்குப் பணமும் மிஞ்சும், பாதுகாப்பும் மிஞ்சும்.